ஓடிக்கொண்டிருக்கும் கலத்தை அணைப்பது சிக்கனம் ஆகாது

பூமியிலிருந்து 900 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால், இங்கு நாம் காணும் வெயிலில் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே எட்டும் இடத்தில், நியூ ஹொரைசன்ஸ் என்ற நாசா விண்கலம் நல்ல உடல்நிலையோடு போய்க்கொண்டிருக்கிறது. 2006 ஜனவரி 19 அன்று ஃபுளோரிடாவின் கேப் கனாவரலிலிருந்து கிளம்பிய 478 கிலோ எடையுள்ள அந்தக் கலம், 2015இல் புளூட்டோவையும் 2019 புத்தாண்டு நாளில் ஆரோகாத் என்ற சிறு பனிப்பொருளையும் கடந்தது. இப்போதும் ஆண்டுக்கு 40 கோடி கிலோமீட்டருக்கு மேல் வெளியே விலகிச் செல்கிறது. அது அனுப்பும் சிக்னல் நம்மை எட்ட எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதை நிறுத்திவிடலாமா என்ற கேள்வி கடந்த சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழுகிறது. 2025 மே மாதம் அமெரிக்க அரசு வெளியிட்ட பட்ஜெட் திட்டம், நாசாவின் அறிவியல் ஒதுக்கீட்டைச் சுமார் 730 கோடி டாலரிலிருந்து 390 கோடி டாலராகக் குறைக்கச் சொன்னது. நிறுத்தப்பட வேண்டிய பணிகளின் நீண்ட பட்டியலில் நியூ ஹொரைசன்ஸும் இருந்தது. 2026 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய நிதிச் சட்டம் அந்த வெட்டின் பெரும்பகுதியை ஏற்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் பட்ஜெட் வரும். ஆண்டுதோறும் பட்டியலும் வரலாம்.

அந்தப் பட்டியலில் இப்படிப்பட்ட ஒரு கலம் இடம்பெறவே கூடாது என்பது என் வாதம். தொலைதூரம் போன விண்கலத்தின் பெரும்பயன் அதன் திட்ட அறிக்கையில் எழுதப்பட்டிருப்பதில்லை. அது எட்டியிருக்கும் இடமே அதன் செல்வம். ஏவியபோது யாரும் கேட்டிராத கேள்விகளுக்கு அந்த இடத்திலிருந்து அது விடை தருகிறது. முன்பு தந்த விடை தவறென்றால் மறுபடி பார்த்துத் திருத்தவும் உதவுகிறது. இதற்கு ஆகும் செலவு, கலத்தைக் கட்டி ஏவ ஆன செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அணைத்துவிட்டால் ஏற்படும் இழப்போ மீட்க முடியாதது. ஒரு பக்கம் சிறு செலவும் மறுபக்கம் மீளாத இழப்பும் இருக்கும்போது, இரண்டையும் ஒரே ஆண்டுக் கணக்கேட்டில் சாதாரண வரவு செலவாக எழுதிக் கழிப்பது பிழையான கணக்கு.

நியூ ஹொரைசன்ஸ் பிறந்ததே இத்தகைய கணக்குகளோடு போராடித்தான். புளூட்டோவுக்குக் கலம் அனுப்பும் முந்தைய திட்டத்தைச் செலவு கூடுகிறது என்று நாசா 2000ஆம் ஆண்டில் கைவிட்டது. அறிவியலாளர்களும் பொதுமக்களும் விடாமல் வற்புறுத்தியதால் புதிதாகப் போட்டி அறிவிக்கப்பட்டது. ஆலன் ஸ்டெர்ன் தலைமையிலான குழு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தோடு சேர்ந்து கொடுத்த திட்டம் 2001 நவம்பரில் தேர்வானது. அடுத்து வந்த பட்ஜெட் திட்டத்தில் அதற்கு நிதியே ஒதுக்கப்படவில்லை. காங்கிரஸ் பணம் கொடுத்ததாலும், கோள் அறிவியலாளர்கள் 2002இல் வெளியிட்ட பத்தாண்டு முன்னுரிமைப் பட்டியலில் புளூட்டோவும் அதைச் சூழ்ந்த கைப்பர் பட்டையும் முதன்மை இடம் பெற்றதாலும் அது பிழைத்தது. அன்று சிக்கனம் பேசியவர்களின் சொல் எடுபட்டிருந்தால், புளூட்டோ இன்னமும் ஹப்பிள் தொலைநோக்கியில் தெரியும் மங்கலான திட்டாகவே பாடப்புத்தகங்களில் இருந்திருக்கும்.

போய்ப் பார்த்தபோது என்ன தெரிந்தது? அத்தனை சிறிய, அத்தனை குளிர்ந்த உலகம் எப்போதோ செத்துப்போயிருக்கும், விண்கற்கள் மோதிய பள்ளங்கள் நிறைந்த பனி உருண்டையாக இருக்கும் என்று எண்ணியவர்கள் பலர். 2015 ஜூலை 14 அன்று 12,500 கிலோமீட்டர் உயரத்தில் கடந்த கலம் காட்டியது வேறு. சுமார் ஆயிரம் கிலோமீட்டர் அகலத்தில் நைட்ரஜன் பனிச் சமவெளி ஒன்று, மோதல் பள்ளம் ஒன்றுகூட இல்லாமல் விரிந்து கிடந்தது. உள்ளிருந்து வரும் இலேசான வெப்பத்தால் அந்தப் பனி மெல்லக் கிளர்ந்து மேலெழுந்து அமிழ்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் அதன் மேற்பரப்பின் வயது ஒரு கோடி ஆண்டுக்கும் குறைவு என்று கணக்கிட்டார்கள். 450 கோடி ஆண்டு வயதுள்ள சூரியக் குடும்பத்தில் அது நேற்றுப் பிறந்த நிலம். அதன் ஓரத்தில் தண்ணீர்ப் பனியால் ஆன மலைகள் 3,500 மீட்டர் உயரத்துக்கு நின்றன. காற்றில் நீலம் படர்ந்த மூட்டம் அடுக்கடுக்காக இருந்தது. இவற்றில் ஒன்றையும் யாரும் முன்கூட்டித் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கவில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கலம் புளூட்டோவை நெருங்கிக் கடந்தது ஒரே நாளில். அந்த நாளில் பதிவு செய்தவற்றைக் கேட்டு முடிக்க 15 மாதம் ஆனது. அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு நொடிக்கு ஓரிரண்டு கிலோபிட் வேகத்தில்தான் தகவல் வரும். கடைசித் துண்டு பூமியை எட்டியது 2016 அக்டோபரில். பயணம் முடிந்தபின் நீளும் பராமரிப்பு வேலையாகப் பலர் நினைக்கும் இந்தக் காத்திருப்புக்குள்தான் அறிவியலின் பெரும்பகுதி இருந்தது. புளூட்டோவை அடைவதற்குப் பத்து நாள் முன்பு, 2015 ஜூலை 4 அன்று, கலத்தின் கம்ப்யூட்டர் வேலைச்சுமை தாங்காமல் பாதுகாப்பு நிலைக்குப் போய்த் தொடர்பு அறுந்ததையும் இதோடு நினைக்க வேண்டும். ஒன்பதரை ஆண்டுகள் அந்தக் கலத்தோடு வாழ்ந்து அதன் ஒவ்வொரு கட்டளையையும் அறிந்த குழு ஒன்று இருந்ததால், சில நாள்களில் அதை மீட்டுத் திட்டமிட்ட வேலையில் நிறுத்த முடிந்தது. அந்த மனிதர்களும் கலத்தின் ஓர் உறுப்பு. நிதியை நிறுத்தும்போது முதலில் கலைவது அவர்கள்தான்.

ஆரோகாத்தின் கதை என் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. கலம் புறப்பட்டபோது அந்தப் பொருள் இருப்பதே யாருக்கும் தெரியாது. புளூட்டோவுக்குப் பிறகு செல்லக்கூடிய இலக்கைத் தரையிலுள்ள பெரிய தொலைநோக்கிகளால் தேடிக் களைத்து, கடைசியில் ஹப்பிளைக் கேட்டு வாங்கி, 2014 ஜூனில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அதன் பாதையையும் வடிவத்தையும் அறிய, அது ஒரு விண்மீனை மறைக்கும் நொடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. 2017இல் அர்ஜென்டினாவின் படகோனியாவிலும் 2018இல் செனகலிலும் நடுக்கும் குளிரிலும் மேகங்களுக்கு நடுவிலும் சிறு தொலைநோக்கிகளை வரிசையாக நிறுத்தி அதைப் பிடித்தார்கள். 2019 ஜனவரி 1 அன்று 3,500 கிலோமீட்டர் தூரத்தில் கடந்த கலம் கண்டது, சுமார் 35 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு உருண்டைகள் மெல்ல ஒட்டிக்கொண்ட ஒரு பொருள். பலமாக மோதியதற்கான நசுங்கலோ உடைப்போ அதில் இல்லை. கோள்கள் உருவாவதற்கு முன்னோடியான சிறு பொருள்கள், ஒன்றோடொன்று வேகமாக மோதி மோதிப் பெருத்தனவா, அல்லது தூசியும் கூழாங்கல்லும் நிறைந்த மேகம் தன் ஈர்ப்பாலேயே சுருங்கி மென்மையாகத் திரண்டனவா என்பது பல பத்தாண்டு விவாதம். ஆரோகாத் இரண்டாவது விளக்கத்துக்கு வலுவான சான்றாக வந்து நின்றது. பூமி பிறந்த விதத்தின் முதல் பக்கங்களைப் பற்றிய இந்தச் சான்று, 2006இல் எழுதப்பட்ட எந்தப் பயணத் திட்டத்திலும் பெயராகக்கூட இல்லாத ஒன்றிலிருந்து கிடைத்தது.

சரி, அதற்குப் பிறகு? 2019க்குப் பிறகு அந்தக் கலம் வெறும் வெறுமைக்குள்தானே போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வெறுமையே ஓர் ஆய்வுக்கூடம் என்பதுதான் இதற்கு விடை. இரவு வானம் எவ்வளவு இருட்டு என்பது எளிமையாகத் தோன்றும் பெரிய கேள்வி. அண்டத்தின் எல்லாக் காலத்து விண்மீன் கூட்டங்களும் வெளியிட்ட ஒளியின் மொத்தம் அந்த இருட்டில் மறைந்திருக்கிறது. பூமிக்கு அருகில் அதை அளக்க முடியாது. சூரிய ஒளி பட்டு மினுங்கும் தூசி, ஹப்பிள் பார்க்கும் வானத்தைக்கூடக் கலங்கலாக்கிவிடுகிறது. நியூ ஹொரைசன்ஸ் இருக்குமிடத்தில் அந்தக் கலங்கல் இல்லை. 2021, 2022இல் அதன் கேமராவைக் கொண்டு அளந்தவர்கள், தெரிந்த விண்மீன் கூட்டங்களால் விளக்க முடியாத அளவுக்கு ஒளி மிகுந்திருப்பதாக அறிவித்தார்கள். நாம் அறியாத ஏதோ ஒன்று ஒளிர்கிறதோ என்ற பேச்சு எழுந்தது. அந்தக் குழுவே ஐயம் தீராமல், 2023இல் வானத்தின் பல பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, நம் பால்வீதியின் தூசி சிதறடிக்கும் ஒளியை இன்னும் கவனமாகக் கழித்து மறுபடி அளந்தது. 2024இல் வந்த முடிவு: மிகுதி ஒளி என்று ஒன்று இல்லை, அறிந்த விண்மீன் கூட்டங்களே கணக்கை நிறைத்துவிடுகின்றன. 2022இல் கலத்தை அணைத்திருந்தால் தவறான முடிவு ஒன்று அறிவியல் இதழ்களில் நிலைத்திருக்கும்; அதைச் சரிபார்க்க உலகில் வேறு கருவி இருந்திருக்காது. அறிவியலின் நேர்மை தன்னைத் தானே திருத்திக்கொள்வதில் இருக்கிறது என்கிறோம். அதற்கு முதலில் கருவி உயிரோடு இருக்க வேண்டும்.

மற்றொரு சான்றை மாணவர்களின் கைவேலை தந்தது. கலத்திலுள்ள தூசி எண்ணும் கருவி, கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள் கட்டியது. 1930இல் புளூட்டோவுக்குப் பெயர் சொன்ன பதினோரு வயதுச் சிறுமி வெனிஷியா பர்னியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். கைப்பர் பட்டையின் பொருள்கள் சூரியனிலிருந்து பூமிக்குள்ள தூரத்தைப்போல் ஐம்பது மடங்கு வரை செறிந்து கிடந்து பிறகு குறைந்துபோகும், தூசியும் அதோடு குறையும் என்பது மாதிரிகள் சொன்னது. ஐம்பத்தைந்து மடங்கைத் தாண்டியும் தூசி குறையவில்லை என்று 2024இல் அக்கருவியின் தரவு காட்டியது. அப்படியானால் பட்டை நாம் வரைந்து வைத்திருப்பதைவிட வெகுதூரம், எண்பது மடங்குவரைகூட நீளலாம். அல்லது அதற்கப்பால் இன்னொரு பட்டை இருக்கலாம். ஹவாயிலுள்ள சுபாரு தொலைநோக்கியில் தேடியவர்களும் எழுபது மடங்குக்கு அப்பால் சில பொருள்கள் இருப்பதற்கான அறிகுறிகளைக் கண்டிருக்கிறார்கள். சூரியக் குடும்பத்தின் வரைபடத்தில் ஓர் எல்லைக்கோட்டை அழித்து மறுபடி வரையச் சொல்லும் இந்த முடிவு, கலத்தின் ‘முக்கிய வேலை’ முடிந்து பல ஆண்டுகள் கழித்து வந்தது.

இனி வரவிருப்பது இதையெல்லாம்விடப் பெரியதாகவும் இருக்கலாம். சூரியனிலிருந்து எல்லாத் திசையிலும் வீசும் மின்னேறிய துகள்களின் காற்று, விண்மீன்களுக்கிடையிலான வெளியில் ஒரு மாபெரும் குமிழியை ஊதி வைத்திருக்கிறது. அந்தக் குமிழி, அண்டத்திலிருந்து வரும் ஆற்றல் மிகுந்த கதிர்களின் கணிசமான பகுதியை நம்மிடம் வராமல் தடுக்கிறது. அதன் உள்ளோரத்தில் சூரியக் காற்று திடீரென வேகம் இழக்கும் எல்லை ஒன்று உண்டு. வாயேஜர் 1 அந்த எல்லையை 2004 டிசம்பரில் கடந்தது. கடந்த அந்த நேரத்தில் பூமியில் எந்த ஆன்டெனாவும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 27 ஆண்டுகள் பறந்து எட்டிய தருணம் தரவின் இடைவெளியில் விழுந்து மறைந்தது; போதாக்குறைக்கு அதன் சூரியக் காற்றை அளக்கும் கருவி 1980லேயே பழுதாகியிருந்தது. 2007இல் வாயேஜர் 2 அதே எல்லையைக் கடந்தபோது நல்லவேளையாகக் கருவியும் இயங்கியது, ஆன்டெனாவும் கேட்டது. எல்லை முன்னும் பின்னும் நகர்வதால் கலம் அதைப் பலமுறை கடந்தது தெரிந்தது. எதிர்பார்த்த அளவுக்குக் காற்று சூடாகவில்லை. எஞ்சிய ஆற்றல், வெளியிலிருந்து மிதந்து வந்து சூரியக் காற்றில் சிக்கிக்கொண்ட அயனிகளுக்குப் போயிருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். ஊகித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த அயனிகளை நேரடியாக அளக்கும் திறன் வாயேஜர்களுக்கு இல்லை. நியூ ஹொரைசன்ஸுக்கு இருக்கிறது. இந்தப் பத்தாண்டின் இறுதியிலோ அடுத்த பத்தாண்டிலோ அது அந்த எல்லையை எட்டக்கூடும். குறித்த தேதி யாருக்கும் தெரியாது. எனவே கருவிகளும் கேட்பவர்களும் விழித்திருக்க வேண்டும். சூரியக் குடும்பத்தைவிட்டு வெளியேறும் பாதையில் இதுவரை சென்ற கலங்கள் ஐந்து. பயனியர் 11 தொண்ணூறுகளிலேயே மௌனமானது. பயனியர் 10இன் கடைசிச் சிக்னல் 2003 ஜனவரியில் வந்தது. வாயேஜர்கள் மின்சாரம் குறைந்து ஒவ்வொரு கருவியாக அணைத்துக்கொண்டிருக்கின்றன. முழு வலுவோடு மிஞ்சியிருப்பது இது ஒன்றே.

அணைத்துவிட்டு வருந்திய வரலாறு நமக்கு ஏற்கனவே இருக்கிறது. அப்பல்லோ பயணிகள் நிலவில் வைத்துவிட்டு வந்த அதிர்வுமானிகள் முதலிய கருவிகளை 1977 செப்டம்பர் 30 அன்று நாசா அணைத்தது. முதன்மையான காரணம் பணம். கருவிகள் பல அப்போதும் இயங்கிக்கொண்டிருந்தன. மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து, 2011இல், அந்தப் பழைய பதிவுகளைப் புதிய கணினி முறைகளால் ஆராய்ந்தவர்கள் நிலவுக்குத் திடமான உட்கருவும் உருகிய வெளிக்கருவும் இருப்பதற்கான தடயங்களைக் கண்டார்கள். அந்த அதிர்வுமானிகள் இயங்கிய எட்டு ஆண்டுகளில் ஆழமற்ற நிலநடுக்கங்கள் 28 மட்டுமே பதிவாகியிருந்தன; அவற்றில் சில கட்டடங்களை ஆட்டக்கூடிய அளவு வலுவானவை. நிலவில் மனிதர் தங்கப் போகும் இடங்களைத் தேடும் இன்றைய பொறியாளர்கள் அந்த 28 பதிவுகளை வைத்துக்கொண்டுதான் அபாயத்தைக் கணக்கிடுகிறார்கள். இன்னும் பத்து ஆண்டுப் பதிவு இருந்திருந்தால் என்ற ஏக்கம் அவர்களுக்கு இல்லாமல் இருக்குமா? நிலவின் தரையில் அடுத்த அதிர்வுமானி இயங்கியது 2023 ஆகஸ்டில், நமது சந்திரயான் 3 தரையிறக்கியில். அதுவும் சில நாள்கள். 46 ஆண்டு இடைவெளி. நிலவு நான்கு நாள் பயணத்தில் எட்டக்கூடிய இடம். அங்கேயே திரும்பிப் போக இவ்வளவு காலம் ஆனதென்றால், இருபது ஆண்டுப் பயணத் தூரத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

வேண்டும்போது மறுபடி தொடர்புகொள்ளலாமே, இப்போது உறங்கவிடலாம் என்று ஒரு சமரசம் பேசப்படலாம். 1978இல் ஏவப்பட்ட ஐசீ 3 என்ற கலத்துக்கு நடந்தது இதுதான். 1997இல் நாசா அதன் பணியை முடித்தது. அதோடு பேசத் தேவையான ஒலிபரப்புக் கருவிகள் தரைநிலையங்களிலிருந்து அகற்றப்பட்டன. 2014இல் அது பூமிக்கு அருகில் வந்தபோது, கலம் இன்னும் சிக்னல் அனுப்பிக்கொண்டிருப்பதை அறிந்த ஆர்வலர்கள் பொதுமக்களிடம் பணம் திரட்டி, பழைய ஆவணங்களைத் தேடி, அரெசிபோ தொலைநோக்கி வழியாக அதோடு பேசவும் செய்தார்கள். பாதையை மாற்ற இயந்திரத்தை இயக்கியபோது அது ஒத்துழைக்கவில்லை. அருகில் வந்த கலத்துக்கே இந்த நிலை. 900 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், குழு கலைந்து, மென்பொருள் கைவிடப்பட்ட பின் ஒரு கலத்தை எழுப்பலாம் என்பதை நம்பி முடிவெடுக்க முடியாது. குழு இயக்கத்தில் இருக்கும்போது கலத்தை மாதக்கணக்கில் உறக்க நிலையில் வைப்பது வேறு. நியூ ஹொரைசன்ஸ் புளூட்டோவுக்குப் போன வழியிலும் அதற்குப் பிறகும் அப்படி உறங்கி விழித்திருக்கிறது. அதற்குச் செலவும் குறைவு.

இனி எதிர்வாதங்களில் வலுவானதைப் பார்ப்போம். ஏற்கனவே 70 கோடி டாலருக்கு மேல் செலவழித்துவிட்டோம், ஆகவே தொடர வேண்டும் என்பது பொருளாதார வல்லுநர்கள் எச்சரிக்கும் பழைய மயக்கம். போன பணம் போனதுதான்; இனிச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் இனிமேல் என்ன கிடைக்கும் என்றே கேட்க வேண்டும். இந்த விதியை நான் முழுமையாக ஏற்கிறேன். அதைக் கொண்டே கணக்குப் பார்க்கலாம். கலத்தை இயக்க ஆண்டுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரைக் கோடி டாலர் ஆகிறது. நாசாவின் மொத்த பட்ஜெட் 2,500 கோடி டாலரை ஒட்டியது. அதில் பத்தாயிரத்தில் ஐந்து பங்கு அளவு. இதே இடத்தில் வேறொரு கலத்தை நிறுத்த என்ன ஆகும்? கட்டுவதற்குக் குறைந்தது ஐந்து ஆண்டு, பறப்பதற்கு இருபது ஆண்டு. வியாழனின் ஈர்ப்பால் உந்துதல் பெறும் வாய்ப்பு சுமார் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் சரியாக அமையும். அங்கே சூரியத் தகடு பயன்படாது என்பதால் புளுட்டோனியம் 238 வேண்டும். அமெரிக்கா அதன் உற்பத்தியை 1988இல் நிறுத்தி, 2015 வாக்கில்தான் சிறிய அளவில் மீண்டும் தொடங்கியது. அந்தத் தூரத்துக்குப் போகத் தயாராக எந்த நாட்டு ஏவுதளத்திலும் இன்று ஒரு கலமும் நிற்கவில்லை. ஆக, நாம் ஒப்பிட வேண்டியது நேற்றைய செலவை அல்ல, நாளைய மாற்றுச் செலவை. கிணறு வெட்டி நீர் ஊறியபின் கயிறு வாங்கக் காசில்லை என்று அதை மூடினால், அடுத்த தலைமுறை முதல் அடியிலிருந்து மண்ணைத் தோண்ட வேண்டும்.

பூமியில் பசியும் நோயும் இருக்கும்போது இதற்கு ஏன் பணம் என்ற கேள்வியை அலட்சியம் செய்வது நியாயமில்லை. பொதுப்பணம் எதுவானாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அமெரிக்காவின் கூட்டாட்சிச் செலவில் நாசா முழுவதுமே நூறில் அரைப் பங்குக்கும் குறைவு. நியூ ஹொரைசன்ஸை நிறுத்தி மிச்சமாகும் பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகும் என்று எந்த பட்ஜெட் திட்டமும் சொல்லவில்லை. மறுபக்கம், இந்தக் கலத்தின் தரவுகள் பொதுவில் வைக்கப்படுகின்றன. கட்டணமின்றி உலகின் எந்தக் கல்லூரி மாணவரும் எடுத்து ஆராயலாம். தன் மக்கள் கட்டிய வரியில் ஒரு நாடு அறிவைத் தேடி, அதை எல்லா மக்களுக்கும் திறந்து வைக்கும் பழக்கம் பரவலாக இல்லை. அதைச் சுருக்கினால் இழப்பு ஏழை நாடுகளின் ஆய்வாளர்களுக்கு அதிகம். அவர்களால் சொந்தக் கலம் அனுப்ப முடியாது.

ஆன்டெனா நேரம் பற்றாக்குறை என்பது இன்னும் உண்மையான தடை. கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆகிய மூன்று இடங்களிலுள்ள பெரும் ஆன்டெனாக்களுக்கு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியிலிருந்து நிலவுப் பயணம் வரை போட்டி. தொலைதூரக் கலங்களுக்கு 70 மீட்டர் ஆன்டெனாக்கள் தேவைப்படும். அவை மூன்றே இருக்கின்றன. ஆனால் இந்தப் பற்றாக்குறைக்கு மருந்து ஆன்டெனாக்களைக் கூட்டுவது. அதுவரை, கலம் பதிவு செய்து வைத்துக்கொண்டு வாய்ப்புக் கிடைக்கும்போது அனுப்பும் இப்போதைய முறை போதும். வாயேஜர் 1இன் 2004 இடைவெளி, கேட்கும் நேரத்தைக் கஞ்சத்தனமாகப் பங்கிட்டால் எதை இழப்போம் என்பதற்குச் சான்றாக இருக்கிறது.

ஓடும் எந்தக் கலத்தையும் ஒருபோதும் நிறுத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. காசினி 2017 செப்டம்பர் 15 அன்று சனியின் காற்றுமண்டலத்தில் வீழ்த்தப்பட்டது சரியான முடிவு. எரிபொருள் தீரும் நிலையில், உயிர் இருக்க வாய்ப்புள்ள என்செலடஸ் நிலவில் அது தற்செயலாக மோதி மாசுபடுத்திவிடக் கூடாது என்ற அறிவியல் காரணம் அதற்கு இருந்தது. கடைசி நொடிவரை அது தரவு அனுப்பியது. ரோசெட்டாவையும் அதே மனநிலையில்தான் 2016இல் வால்நட்சத்திரத்தின் மேல் இறக்கி முடித்தார்கள். கருவி தேய்ந்தோ, எரிபொருள் தீர்ந்தோ, அறிவியல் காரணத்தாலோ ஒரு பணி முடியலாம். நியூ ஹொரைசன்ஸுக்கு இவற்றில் எதுவும் பொருந்தவில்லை. அதன் புளுட்டோனியம் மெல்லத் தேய்கிறது. பாதியாக 88 ஆண்டு ஆகும் பொருள் அது. 2040கள் வரை மின்சாரம் தாக்குப்பிடிக்கும் என்பது பொறியாளர்களின் மதிப்பீடு. அதற்குள் சிலியிலுள்ள வேரா ரூபின் ஆய்வகமோ வரவிருக்கும் ரோமன் விண்வெளித் தொலைநோக்கியோ அதன் பாதையில் இன்னோர் ஆரோகாத்தைக் கண்டுபிடிக்கக்கூடும். கண்டுபிடிக்காமலும் போகலாம். அப்படிப் போனாலும், தூசியையும் சூரியக் காற்றையும் அளக்க மட்டுமே அங்கே அது இருந்தாக வேண்டும்.

ஆகவே விதியை மாற்ற வேண்டும். தொலைதூரக் கலம் ஒன்றுக்கு ஒப்புதல் தரும்போதே, அதன் மின்சாரம் உள்ளவரை கேட்பதற்கான நிதியும் அந்த ஒப்புதலில் சேர வேண்டும். ஆண்டு பட்ஜெட் அதைத் தொடக் கூடாது. இடையில் நிறுத்துவதென்றால் சுதந்திரமான அறிவியலாளர் குழு காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பணம் போதவில்லை என்பது அந்தக் காரணங்களில் ஒன்றாக இருக்கக் கூடாது. 2023 செப்டம்பரில், நீண்ட சர்ச்சைக்குப் பின், கலம் கைப்பர் பட்டையை விட்டு வெளியேறும்வரை பணியைத் தொடர்வதாக நாசா அறிவித்தது. 2028 அல்லது 2029இல் அது நிகழும் என்றது. அது நல்ல முடிவுதான், ஆனால் அதன் கெடு பழைய வரைபடத்தை வைத்துக் கணித்தது. பட்டை எங்கே முடிகிறது என்பதையே மாணவர்கள் கட்டிய அந்தத் தூசிக் கருவி அடுத்த ஆண்டே கேள்விக்குள்ளாக்கிவிட்டது. முடியும் இடம் தெரியாத பட்டையின் முடிவைக் கெடுவாக வைத்துக்கொண்டு ஒரு கலத்தின் ஆயுளைத் தீர்மானிக்க முடியாது. நாசா அந்த 2029 என்ற ஆண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புளுட்டோனியம் அனுமதிக்கும் கடைசி ஆண்டை எழுத வேண்டும்.